கடைச் சைக்கிளுக்கு மோட்டார் பூட்டலாமா?



நம் சங்கரன்கோவிலில் பலசரக்குக் கடை நடத்துவோர் வீடுகளில் பழைய கறுப்புச் சைக்கிள் ஒன்று எங்காவது சாய்ந்து கிடக்கும். அகலமான கேரியர், ராடு பிரேக், தேய்ந்துபோன சீட். அப்பா காலத்தில் அரிசிச் சிப்பமும் எண்ணெய் டின்னும் சுமந்த வண்டி அது. கடைக்கு மொபெட் வந்த நாளில் கொட்டகைக்குள் போனது, பிறகு வெளியே வரவில்லை.

இப்போது அந்தச் சைக்கிளை இரண்டு பேர் தேடுகிறார்கள். ஒருவர் கடை முதலாளி. வாடிக்கைக்காரர்கள் சாமான் லிஸ்டைப் போனில் அனுப்பி, "வீட்டுக்குக் கொடுத்துவிடுங்க அண்ணாச்சி" என்கிறார்கள். முடியாது என்றால் பெரிய கடைக்குப் போவார்கள், அல்லது செல்போனிலேயே எவரிடமோ வாங்குவார்கள். முடியும் என்றால் அரைக் கிலோ ரவைக்கும் நூறு கிராம் சீரகத்துக்கும் வண்டியை எடுக்க வேண்டும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டு நிற்கும் காலத்தில் அதில் என்ன மிஞ்சும்? இன்னொருவர் பாலிடெக்னிக் படிக்கும் மகன். ஒரு மோட்டாரும் பாட்டரியும் வாங்கித் தந்தால் அந்தச் சைக்கிளைத் தானே ஓடும் வண்டியாக்கிக் காட்டுகிறேன் என்று நிற்கிறார்.

பூட்டலாமா, கட்டுமா, போலீஸ் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. பூட்டலாம் என்பதே நம் பதில். ஆனால் இந்த வேலையில் மோட்டாரைப் பூட்டுவதுதான் மிக எளிதான பகுதி. பூட்டிய வண்டியை நிறுத்துவதும், அதன் பாட்டரியை எங்கே வைத்துச் சார்ஜ் செய்வது என்பதும், யாரை அதில் ஏற்றி அனுப்புவது என்பதும்தான் முதலாளி உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை. மகன் இவற்றை யோசிக்கமாட்டார். அவர் வயது அப்படி.

இது நேற்று முளைத்த விளையாட்டு அல்ல

1946ஆம் ஆண்டு. போரில் நொறுங்கிப்போன ஜப்பான். ரயிலில் கால் வைக்க இடமில்லை, பெட்ரோலுக்குப் பங்கீடு. ஹமாமட்சு நகரில் சொய்சிரோ ஹோண்டா என்பவர் ராணுவத்தில் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தரப் பயன்பட்ட சின்னஞ்சிறு இன்ஜின்களை மிச்சச் சரக்காக வாங்கினார். சுமார் 500 இருக்கும். அவற்றைச் சாதாரணச் சைக்கிள்களில் மாட்டி விற்றார். சரக்கு தீர்ந்ததும் 1947இல் சொந்த இன்ஜினே செய்தார். 1948இல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. கழிவு விலைக்கு வாங்கிய சரக்கில் ஆரம்பித்த வியாபாரம் என்று நம்மவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

அந்தக் கம்பெனி 1958இல் கொண்டுவந்த சூப்பர் கப் வண்டியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சோபா என்ற நூடுல்ஸ் விற்கும் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் மட்டும் ஓட்டக்கூடியதாக வண்டி இருக்க வேண்டும் என்று கருதி அதில் கிளட்ச் பிடியே இல்லாமல் செய்தார்கள். வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோகும் கடைப் பையனை நினைத்துச் செய்த வண்டி 2017க்குள் பத்துக் கோடி உற்பத்தியைத் தாண்டிவிட்டது.

தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். சுசுகி ஆரம்பத்தில் தறி செய்யும் கம்பெனி. 1909இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1952இல் 'பவர் ஃப்ரீ' என்று 36 சி.சி. இன்ஜினைச் சைக்கிளில் பூட்டி விற்றது. அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிளும் காரும். விசைத்தறியில் மோட்டார், பெல்ட், பல்சக்கரம் என்று நாள் முழுக்கப் புழங்குகிற நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த வேலை புதிராக இருக்கப் போவதில்லை.

நம் நாட்டில் கோவை ஜி.டி. நாயுடு கதை பலருக்கும் தெரியும். கிராமத்துக்கு வந்த ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியை ஓட்டித் திரியவில்லை, அக்கு அக்காகக் கழற்றி மறுபடி பூட்டினார். மகன் சைக்கிளைக் கழற்றினால் திட்டுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு மொபெட் காலம். திருப்பதியில் செய்த சுவேகா, 1972இல் புனேயிலிருந்து வந்த லூனா, 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50. இருவர் உட்காரக்கூடிய மொபெட் என்று இந்தியாவில் முதலில் வந்தது அதுதான். அந்தக் குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடிக்காரர் என்பது கூடுதல் செய்தி. மொபெட் என்ற பெயரே மோட்டாரையும் பெடலையும் ஒட்டிச் செய்த பெயர். ஆக, கடை வாசலில் நிற்கும் எக்ஸெல் கூட மோட்டார் பூட்டிய சைக்கிளின் பேரப்பிள்ளைதான்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 2021இல் விழுப்புரம் மாவட்டத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு பொறியியல் பட்டதாரி பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, மொத்தம் இருபதாயிரம் ரூபாய் செலவில் மின்சைக்கிள் ஆக்கியது பத்திரிகைகளில் வந்தது. ஒரு யூனிட் மின்சாரத்தில் 50 கிலோமீட்டர் போகிறது என்றார் அவர். அதே ஆண்டில் மதுரைக் கல்லூரி மாணவர் ஒருவர் சூரிய ஒளித் தகட்டையே சைக்கிளில் மாட்டி ஓட்டிக் காட்டினார்.

பெட்ரோல் இன்ஜினா, மின்மோட்டாரா?

இங்கே சட்டத்தைப் பேசாமல் மேலே போக முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், நான்கு சக்கரத்துக்குக் குறைவாக உள்ள, 25 சி.சி.க்கு மேற்படாத இன்ஜின் பூட்டிய வண்டி அதில் சேராது என்று விலக்கு இருக்கிறது. ஆரம்பத்தில் இது 35 சி.சி.யாக இருந்தது, 1994 திருத்தத்தில் 25 ஆனது.

இணையத்தில் விற்கும் பெட்ரோல் இன்ஜின் செட்டுகள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. 80 சி.சி. என்று எழுதி விற்பவை பெரும்பாலும் உண்மையில் 66 சி.சி. தான், ஆனாலும் வரம்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். பழைய டி.வி.எஸ். 50இன் இன்ஜினைக் கழற்றிச் சைக்கிளில் வைப்பதும் அப்படித்தான். பூட்டிய நொடியில் அது மோட்டார் வாகனம். பதிவெண் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும். ஆனால் கொட்டகையில் செய்த வண்டிக்கு வகைச் சான்று கிடையாது. சான்று இல்லாததைப் பதிவு செய்ய வழியில்லை. வயலில் களை வெட்டும் கருவியின் சிறிய இன்ஜின் 25 சி.சி.க்குள் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சத்தமும் புகையும் எண்ணெய் கலந்த பெட்ரோலுமாக அதைக் கட்டி மேய்க்கும் பாட்டுக்கு, கடைக்காரருக்கு என்ன பயன் என்று நமக்குத் தெரியவில்லை.

மின்மோட்டாருக்கு வேறு வரம்பு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய ஒரு கொக்கி இருக்கிறது: இந்த வரம்புக்குள் வண்டி இருக்கிறது என்று அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் சான்று தர வேண்டும். புனேயில் உள்ளது போல, நம் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ளது போலப் பெரிய நிலையங்கள் அவை. கம்பெனி மின்சைக்கிளுக்கு அந்தச் சான்றை உற்பத்தியாளர் வாங்கிவிடுவார். வீட்டில் பூட்டியதற்கு இராது.

ஆகவே நம் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மகன் கற்றுக்கொள்வதற்கும், முதலாளி தானே ஏறி வீட்டுக்கும் கடைக்கும் போய்வருவதற்கும் வீட்டில் செய்த வண்டி போதும். அப்போதும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற வரம்பைத் தாண்டாமல், மோட்டாரில் அடித்த முத்திரையும் வாங்கிய பில்லும் கையில் இருக்க வேண்டும். கடையில் சம்பளம் வாங்கும் ஆளை ஏற்றி நாள்தோறும் சரக்கு அனுப்புவதானால் சான்றுள்ள கம்பெனி மின்சைக்கிளை வாங்குங்கள்.

ஏன் இந்த வேறுபாடு? வேலை நேரத்தில் கடை ஆளுக்கு அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டம் முதலாளியின் பொறுப்பைக் கேட்கும். அந்த ஆள் ரோட்டில் போகிற பெரியவர் ஒருவரை இடித்துவிட்டால், வண்டி வரம்புக்கு மேற்பட்டது என்று தெரிய வந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி என்று ஒன்று நடுவில் இல்லாததால் நஷ்ட ஈடு முழுவதும் கடைக் கல்லாவிலிருந்து போகும். லைசென்ஸ் இல்லாத 16, 17 வயதுப் பையனிடம் மோட்டார் வாகனத்தைக் கொடுத்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டிக்காரருக்கே மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. 1,000 வாட் மோட்டார் விலை கொஞ்சம்தான் கூட என்று விற்பவர் சொல்லுவார். அந்தக் கொஞ்சத்தில் என்னென்ன சேர்ந்து வருகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

250 வாட் போதுமா?

ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக 250 வாட் என்பது மூன்றில் ஒரு குதிரை. நிதானமாகப் பெடல் மிதிக்கும் ஆள் தொடர்ந்து தரக்கூடியது 75 முதல் 100 வாட் வரை. எனவே நம்மோடு இன்னும் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து மிதிப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

சைக்கிள், மோட்டார், பாட்டரி, ஆள், 30 கிலோ சரக்கு எல்லாம் சேர்த்து 120 கிலோ என்று கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போக ஏறக்குறைய 130 வாட் போதும். அதில் பாதி டயர் உருளுவதற்கு, பாதி காற்றைக் கிழிப்பதற்கு. நம் ஊர் ரத வீதிகளிலும் திருவேங்கடம் சாலையிலும் மேடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்கு நம் பக்கத்துக் காற்றாலைகளே சாட்சி. மணிக்கு 20 கிலோமீட்டரில் எதிர்க்காற்று வீசும்போது நாமும் 20இல் போனால், காற்றுக்கு நம் வேகம் 40. காற்றின் தடை நான்கு மடங்காகும். 130 வாட் போதும் என்ற இடத்தில் 300க்கு மேல் கேட்கும். 250 வாட் மோட்டாரால் அது முடியாது. வேகம் குறையும், பாட்டரி பாதி தூரத்திலேயே களைக்கும், பெடலும் மிதிக்க வேண்டிவரும். புளியங்குடிப் பக்கம் போகிறவர்கள் ஆடி மாதத்தில் இதைக் கணக்கில் வைத்துத்தான் சரக்கு ஏற்ற வேண்டும். திரும்பி வரும்போது காற்றே தள்ளிவிடும், அது வேறு.

பூட்டும் முறை

இப்போது பரவலாகக் கிடைப்பது ஹப் மோட்டார். சக்கரத்தின் நடு ஹப்புக்குள்ளேயே மோட்டார் இருக்கும், செயின் தனியாக வேண்டாம். முன் சக்கரத்துக்கும் கிடைக்கும், பின் சக்கரத்துக்கும் கிடைக்கும். சரக்கு ஏற்றும் வண்டிக்குப் பின் சக்கரமே நல்லது, பளு அங்கே இருப்பதால் டயர் வழுக்காது.

வாங்கும் முன் இரண்டு அளவு எடுக்க வேண்டும். பழைய கறுப்புச் சைக்கிளின் பின் ரிம்மில் பெரும்பாலும் 40 துளை, முன் ரிம்மில் 32. ஹப் மோட்டாரிலோ பெரும்பாலும் 36. பொருந்தாது. அதற்கேற்ற ரிம்மும் ஸ்போக்ஸ் கம்பியும் புதிதாக வாங்கிக் கோக்க வேண்டும். அடுத்தது பின் கவட்டையின் அகலம். மோட்டாரின் அச்சு அதற்குள் இறங்காமல் போகலாம். இரும்புக் கவட்டையைக் கொஞ்சம் விரிக்கலாம்தான், ஆனால் அனுபவமுள்ள சைக்கிள் கடைக்காரர் கையால் நடக்கட்டும். சக்கரத்தின் கோணல் எடுக்கவும் அவரே தேவை. யூடியூபைப் பார்த்து வீட்டில் கோணல் எடுத்த சக்கரம் மூட்டையைத் தாங்காது.

மோட்டார் சுற்றும்போது அதன் அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். சாதாரணச் சைக்கிளில் அச்சுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதனால் கவட்டையின் பிளவும் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. நட்டு தளர்ந்தால் அச்சு சுழன்று பிளவை அரித்துவிடும், வயரை முறுக்கி அறுத்துவிடும், சக்கரமே கழன்றும் வரலாம். இதைத் தடுக்க அச்சின் தட்டையான பகுதியைக் கவ்விப் பிரேமோடு இணைக்கிற இரும்புப் பிடி தகடு ஒன்று உண்டு. சிறிய சாமான். செட்டில் வராவிட்டால் லேத்தில் சொல்லிச் செய்துகொள்ளலாம். இது இல்லாமல் ஓட்டக்கூடாது.

கண்ட்ரோலர் என்ற சிறு பெட்டி பாட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே உட்கார்ந்து மின்சாரத்தை அளந்து விடுகிறது. அதைக் கேரியருக்கு அடியில், மழை படாத இடத்தில், வயர்கள் கீழ்நோக்கித் தொங்கும்படி மாட்ட வேண்டும். அப்போதுதான் வயர் வழியாக வரும் தண்ணீர் பெட்டிக்குள் போகாமல் சொட்டிவிடும். 36 வோல்ட் பாட்டரிக்கு 250 வாட் என்றால் ஓட்டம் ஏழு ஆம்பியர்தான், கிளம்பும்போது இரு மடங்கு இழுக்கும். பாட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். கைக்கெட்டும் இடத்தில் மெயின் சுவிட்சும் வேண்டும். கைப்பிடி ஆக்ஸிலேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களில் கறுப்பு வயர் அறுந்துவிட்டால் சில கண்ட்ரோலர்கள் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டும். அந்த நேரத்தில் கை தேடுவது மெயின் சுவிட்சைத்தான்.

பிரேக்

மோட்டார் வாங்கக் காட்டுகிற ஆசையை இதில் யாரும் காட்டுவதில்லை.

கடைப் பையன் மூட்டையோடு மிதித்துப் போனால் மணிக்கு 12 கிலோமீட்டர் போவான். மோட்டார் பூட்டினால் 24. வேகம் இரண்டு மடங்கு, ஆனால் பிரேக் தின்ன வேண்டிய சக்தி நான்கு மடங்கு. நிற்கிற தூரமும் ஏறக்குறைய அப்படியே நீளும். பழைய ராடு பிரேக் இந்த வேலைக்குப் பிறந்ததல்ல. கட்டை ரிம்மின் அடிப்பக்கத்தைத் தொட்டுத் தேய்த்து நிறுத்துவது, அதுவும் குரோம் பூசிய இரும்பு ரிம்மில். மழையில் நனைந்தால் பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கும். ஆடித்தபசுக் கூட்டத்தில் கோயில் பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மக்கள் குறுக்கே நடக்கிற தெருவில் 50 கிலோ பளுவோடு வரும் வண்டி அப்படி வழுக்கினால் என்ன ஆகும்?

அதனால் ஆசையோடு ஆரம்பித்த அந்தக் கறுப்புச் சைக்கிளுக்கு, பிரேம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நம்மால் முழுச் சம்மதம் தர முடியவில்லை. கேபிள் பிரேக்கோ டிஸ்க் பிரேக்கோ உள்ள, கேரியர் தாங்கக்கூடிய கனத்த பிரேம் சைக்கிள் ஒன்றைப் பார்ப்பது நல்லது. கறுப்புச் சைக்கிள்தான் வேண்டும் என்றால் பிரேக்கை மாற்றிய பிறகே மோட்டாரைப் பற்றிப் பேச வேண்டும். மோட்டார் செட்டோடு வரும் பிரேக் பிடியில் சிறு சுவிட்ச் இருக்கும். பிடியை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும். பழைய பிடி அழகாக இருக்கிறது என்று இதை மாட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டால் நாம் பிரேக் பிடிக்க, மோட்டார் முன்னே தள்ளும்.

பாட்டரி எங்கே தூங்க வேண்டும்?

2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் பள்ளி செல்லும் மகளும் இறந்தார்கள். அதன்பின் அந்த ஆண்டிலேயே பல ஊர்களில் நடந்த தீ விபத்துகளை வைத்து, மின்வண்டிப் பாட்டரிகளுக்கான விதிகளை மத்திய அரசு இறுக்கியது. ஆனால் அந்த விதிகள் கம்பெனி வண்டிகளுக்கு. வீட்டில் செய்யும் வண்டிக்கு நாமேதான் காவல்.

கடையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். சாக்கு, அட்டைப் பெட்டி, எண்ணெய் டின், தீப்பெட்டி பண்டல், கற்பூரம், பிளாஸ்டிக் கவர். இவற்றின் நடுவே இரவெல்லாம் பாட்டரியைச் சார்ஜில் போட்டு ஷட்டரை இழுத்துவிட்டுப் போவது வேண்டாம். பகலில், ஆள் கண் முன்னே, சிமெண்டுத் தரையில், சரக்கிலிருந்து தள்ளி வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் பாட்டரி ஆறிய பிறகு. அந்தப் பாட்டரிக்கென்று கொடுத்த சார்ஜரைத் தவிர வேறொன்றைச் செருகக்கூடாது.

பழைய லேப்டாப் செல்களைப் பிரித்துக் கோத்துச் செய்த பாட்டரி பாதி விலைக்குக் கிடைக்கும். மகனுக்கு அதையும் தானே செய்யும் ஆசை வரும். இந்த ஓர் ஆசைக்கு மட்டும் தடை போடுங்கள். ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து வெட்டிவிடும் காவல் சுற்று உள்ள, பில்லும் உத்தரவாதமும் உள்ள பாட்டரியையே வாங்க வேண்டும். லித்தியத்தில் இரும்புப் பாஸ்பேட் வகை சற்றுக் கனம் கூட. ஆனால் எளிதில் தீப்பிடிக்காது, அதிக நாள் உழைக்கும். கடைக்கு அதுவே ஏற்றது.

கணக்கு

நம்மவர்கள் கடைசியில் கேட்பது இதைத்தான் என்பதால் விரித்தே போடுகிறோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், அவரவர் விலையை இட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக்கு 20 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள். மொத்தம் 6,000 கிலோமீட்டர். சரக்கேற்றிய மொபெட் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் என்றும் பெட்ரோல் 100 ரூபாய் என்றும் கொண்டால் ஆண்டுப் பெட்ரோல் செலவு 12,000 ரூபாய்.

மின்சைக்கிளில் நின்று நின்று, பளுவோடு போவதால் கிலோமீட்டருக்கு 15 வாட்-மணி என்று தாராளமாகவே வைப்போம். (விழுப்புரத்துக்காரர் சொன்ன ஒரு யூனிட்டுக்கு 50 கிலோமீட்டர் என்பது 20 வாட்-மணி ஆகிறது. வேகமும் பளுவும் கூடினால் அந்த அளவுக்கும் போகும்.) நாளைக்கு 300 வாட்-மணி, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 0.36 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் நான்கு ரூபாய்க்குள். ஆண்டுக்கு 1,200 கூட இல்லை.

ஐயா, இவ்வளவு மலிவா என்று இங்கேயே நிறுத்திவிடுபவர்கள்தான் பிறகு ஏமாறுகிறார்கள். பாட்டரித் தேய்மானம் எங்கே? 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி 12,000 ரூபாய் என்றும், 600 முழுச் சார்ஜ் தாங்கும் என்றும் கொள்வோம். அதன் ஆயுளில் போகும் தூரம் 14,400 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 83 பைசா. ஆண்டுக்கு 5,000 ரூபாய். மின்சாரத்தைவிட நான்கு மடங்கு! இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பாட்டரிக்குப் பணம் எடுத்துவைக்காதவர், அந்த நாள் வந்ததும் சைக்கிளை மறுபடி கொட்டகையில் சாத்திவிடுவார்.

இரண்டையும் கூட்டினால் 6,200 ரூபாய். மொபெட்டின் பெட்ரோலுக்கு 12,000. மிச்சம் 5,800. மொபெட்டின் ஆயில், சர்வீஸ், இன்சூரன்ஸ் இதில் சேரவில்லை, சைக்கிளின் டயரும் பிரேக் கட்டையும் சேரவில்லை. பாட்டரி போக மோட்டார், கண்ட்ரோலர், ரிம், கூலி எல்லாம் 10,000 ஆகிறது என்றால் இரண்டு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும்.

ஈயப் பாட்டரி மூன்று வாங்கிக் கோத்தால் விலை பாதிக்கும் கீழே. ஆனால் 12 கிலோ கனம், ஆழமாகக் காலியாக்கினால் 250 சார்ஜ் தாண்டுவது கடினம். ஆண்டுக்கு ஒரு செட் மாற்ற வேண்டிவரும். கணக்கு ஒன்றுதான், கனம்தான் மிச்சம்.

வரியையும் பார்க்க வேண்டும். முழு மின்சைக்கிளாக வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மோட்டார், பாட்டரி என்று தனித்தனியாக வாங்கினால் 18. எனவே கம்பெனி வண்டி விலை கூட என்று தோன்றினாலும், எல்லாப் பில்லையும் கூட்டிப் பார்த்தால் இடைவெளி அவ்வளவு இராது. ஒன்றுக்கு மேல் வண்டி வேண்டியவர்கள் இரண்டு மூன்று கடைக்காரர்களாகச் சேர்ந்து ஒரே வகை வாங்கினால், உதிரிப் பாகத்துக்கும் ரிப்பேருக்கும் சிரமம் குறையும்.

மொத்த வியாபாரிகளுக்கு இதில் வேலை இல்லை. கழுகுமலைக்கு மூட்டை அனுப்ப ஆட்டோதான், வேன்தான். இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள், 30 கிலோவுக்குள், ஒரு நடைக்கு நான்கைந்து வீடு என்று போகிற சில்லறைக் கடைக்குத்தான் இந்த வண்டி.

ஓட்ட ஆரம்பித்தபின் முதல் வாரம் தினமும் காலையில் அச்சு நட்டையும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். புதிதாகக் கோத்த சக்கரம் பளுவில் தளரும், 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை இறுக்க வேண்டிவரும். அதன்பின் வாரம் ஒரு நாள் போதும். சைக்கிளை ஓட்டப் போகிறவர் முதல் நாள் சரக்கில்லாமல், பிறகு பத்துக் கிலோவோடு, பிறகு முழுப் பளுவோடு, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் பிரேக் பிடித்துப் பழகட்டும். எத்தனை அடியில் நிற்கிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு கடைத்தெருவுக்குள் விடுங்கள்.